டேங்கில் பெயின்ட் உதிர்ந்தால்: அடுக்குமாடிவாசிக்கு ஒரு கைவேலை வழிகாட்டி

காலையில் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் பைக்கின் உறையைத் தூக்கினால், டேங்கின் தோளில் மிளகு அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்து உள்ளே சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கிறது. பக்கத்து வண்டிக்காரர் மேல்தான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் குற்றவாளி நாமாகத்தான் இருப்போம். ஆடிக்கொண்டே வரும் சாவிக்கொத்து, குனியும்போது உரசும் பெல்ட் பக்கிள், மார்புக்குக் குறுக்கே மாட்டிய பையின் கொக்கி, பெட்ரோல் நிலையத்தில் அவசரமாக இடித்த குழாயின் மூக்கு. இந்த அளவு சேதத்துக்காக டேங்க் முழுவதையும் ஸ்பிரே அடிக்கக் கொடுப்பது வீண் செலவு. இரண்டு வாரம் பொறுமை இருந்தால் நாமே சரிசெய்துகொள்ளலாம். இரண்டு வாரம் என்றதும் பயப்பட வேண்டாம். கை வைக்கும் நேரம் மொத்தமே இரண்டு மூன்று மணி நேரம்தான். மீதியெல்லாம் காய்வதற்கு.

நான் முதல்முறை செய்தது பத்து நிமிட வேலை. கறுப்பு டேங்க், கறுப்புதானே, எந்தக் கறுப்பானால் என்ன என்று, சின்னச் சேதத்தை மறைக்க விற்கும் ஒரு டச்-அப் பெயின்ட் பாட்டிலை வாங்கி, மூடியோடு வந்த தூரிகையாலேயே பூசினேன். காய்ந்ததும் வெல்லப்பாகு சிந்தி உறைந்தது போல மேடாக நின்றது. அடுத்த வாரம் பெட்ரோல் நிரப்பும்போது நாலு சொட்டு சிந்த, துடைத்த துணியோடு பெயின்ட்டும் கையோடு வந்துவிட்டது. இங்கே சிங்கப்பூரில், காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் பெயின்ட் அடிக்கும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க பெயின்ட் அடிக்கல, பொட்டு வச்சிருக்கீங்க" என்றார். அவர் அன்றைக்கு நின்றபடி சொல்லிக்கொடுத்ததும், அப்புறம் என் வண்டியிலும் நண்பர்கள் வண்டியிலுமாக நான் கெடுத்துத் திருத்திக் கற்றதும்தான் கீழே இருப்பவை.

ஒன்றை முன்கூட்டியே பேசிக்கொள்வோம். இந்த வேலை முடிந்தபின் வண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் சேதம் கண்ணில் படக்கூடாது. மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் படும். அதற்கு மேல் வேண்டும் என்றால் அது பட்டறை வேலை.

முதலில் காயத்தைப் பாருங்கள்

கடைக்கு ஓடும் முன் ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து டேங்கில் ஒட்டிப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்குமே, அதுவே போதும். கீறாமல் இருக்க இடையில் ஒரு மெல்லிய துணி வையுங்கள். ஒட்டினால் இரும்புத் தகடு, துரு பிடிக்கும். ஒட்டவில்லை என்றால் அது பிளாஸ்டிக் மூடியாகவோ அலுமினியமாகவோ இருக்கலாம். இப்போது வரும் பல வண்டிகளில் டேங்க் போலத் தெரிவது வெறும் பிளாஸ்டிக் மூடிதான். உண்மையான டேங்க் அதற்கு உள்ளே இருக்கும். பிளாஸ்டிக் என்றால் துருவைப் பற்றிக் கவலையில்லை, கீழே வரும் பாதி வேலை மிச்சம்.

அடுத்து, விரலை நனைத்துக் காயத்தின் மேல் தடவுங்கள். ஈரமாக இருக்கும்வரை கீறல் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் சேதம் மேலே உள்ள கண்ணாடி போன்ற கிளியர் படலத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பெயின்ட்டே வேண்டாம். பாலிஷ் போட்டால் போதும். ஈரத்திலும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் நிறப் படலமும் போய், அதற்கு அடியில் பூசும் பிரைமர் தெரிகிறது என்று பொருள். பளபளவென்று உலோகமோ பழுப்போ தெரிந்தால் அடிமட்டம் வரை போயிருக்கிறது. அங்கேதான் அவசரம்.

இன்னொரு வகை உண்டு. பெயின்ட் உதிராமல் அம்மைக் கொப்புளம் போல உப்பியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பொதபொதவென்று இருக்கும். அது வெளியிலிருந்து வந்த அடி இல்லை. பெயின்ட்டுக்கு அடியில் துரு ஓடியிருக்கலாம், இல்லையென்றால் டேங்கின் உட்புறம் அரித்து வெளியே வருகிறது. பெட்ரோல் வாசம் அடித்தாலோ, துடைத்த இடம் திரும்பத் திரும்ப ஈரமானாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு நேரே மெக்கானிக்கிடம் போங்கள். கசியும் டேங்கின் மேல் பட்டி வைத்துப் பூசி மறைப்பது பெயின்ட் வேலை ஆகாது, விபத்துக்கு நாள் குறிப்பது.

சிங்கப்பூர்க் காற்றும் கடிகாரமும்

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் இங்கே அடி வாங்குவோம். இங்கே விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். பெயின்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிர்கிறது. ஈரக்காற்றில் அப்படிக் குளிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத பனி அதன்மேல் படியும். காய்ந்ததும் பெயின்ட் பால் படிந்தது போல வெளுத்துப்போகும். "அலுவலகம் போகும் முன் காலை ஏழு மணிக்கு ஒரு கை பூசிவிடலாம்" என்று நினைத்த எத்தனையோ பேருக்கு நடந்தது இதுதான். எனக்கும்தான்.

ஆகவே பூசுவதற்கு நல்ல நேரம் வெயில் ஏறிய பிறகு, பதினொரு மணியிலிருந்து மூன்று மணிக்குள், நிழலில். மழை பெய்து ஓய்ந்த மாலையும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் கொட்டும் நாள்களில் இந்த வேலையைத் தொடாதீர்கள். பிப்ரவரி பொதுவாக வறண்டிருக்கும். உலோகம் தெரியும் காயம் அதுவரை காத்திருக்காதே என்றால், சுத்தம் செய்து உலர்த்தி அதன்மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து மூடுங்கள். தற்காலிக மருந்துதான். நாளானால் மஞ்சளாகும், உரியும். ஆனால் மழைநீரை நாலு வாரம் தடுக்கும். வேலை தொடங்கும்போது அசிட்டோன் தொட்ட பஞ்சால் அந்த ஒரு புள்ளியை மட்டும் துடைத்து எடுத்துவிடலாம். பஞ்சு சுற்றியுள்ள பெயின்ட்டில் படக்கூடாது.

வெயிலில் நின்ற டேங்கிலும் பூசக்கூடாது. சூட்டில் மேல்தோல் மட்டும் சட்டென்று காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். ஓட்டி வந்த வண்டி என்றால் எஞ்சினும் டேங்கும் ஆறும்வரை ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கே வைத்துச் செய்வது? சின்னக் காயத்துக்கு டேங்கைக் கழற்றத் தேவையே இல்லை. பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் நிழலில், காற்றோட்டமான மூலையில், வண்டியில் இருக்கும்படியே செய்யலாம். தப்பித்தவறிக்கூட டேங்கைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பெட்ரோலை வடித்த டேங்கிலும் ஆவி இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். சமையலறையில் அடுப்பு, சாமி மாடத்தில் விளக்கு, ஊதுபத்தி. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை. சீக்கிரம் காயட்டும் என்று சூடான காற்றை ஊதும் ஹீட் கன் பிடிப்பதும் இதே ரகம். பக்கத்தில் யாரும் புகைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பிரே டப்பாவைக் கார் நிறுத்துமிடத்தில் நேராக வண்டியின் மேல் அடிக்கவும் கூடாது. அந்தத் தூசு காற்றில் பறந்து நாலு பார்க்கிங் தள்ளி நிற்கும் காரின் மேல் உட்காரும். அப்புறம் நகர மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வழிகாட்டியில் வருவதெல்லாம் பல்குச்சி வேலைதான்.

உங்கள் நிறத்துக்கு ஒரு பெயர் உண்டு

சிவப்பு என்று கடையில் கேட்டால் இருபது சிவப்பைக் காட்டுவார்கள். வண்டியின் நிறக் குறியீடு பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருக்கும். ஹோண்டாவில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் வகைகள் என்எச் என்ற எழுத்துகளோடும், சிவப்பு வகைகள் ஆர் என்ற எழுத்தோடும் தொடங்கும். ஸ்டிக்கர் அழிந்துபோயிருந்தால் வண்டியின் மாடல், தயாரித்த ஆண்டு இரண்டையும் சொல்லி முகவரிடம் கேட்கலாம். கடைசி வழி, பக்கவாட்டு மூடியில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு பெயின்ட் கலக்கும் கடைக்கே போவது. கண் பார்த்தே கலந்து கொடுப்பவர்கள் ஊபி, காக்கி புக்கிட் வட்டாரத்தில் இருக்கிறார்கள். பத்து வருடம் வெயிலில் நின்ற வண்டிக்கு உண்மையில் இதுதான் சிறந்த வழி. குறியீட்டின்படி கலந்த புது பெயின்ட் உங்கள் வெளிறிய டேங்கோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும்.

இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், பெயின்ட் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு. மெதுவாகத்தான் வரும்.

மெட்டாலிக் நிறம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பிரேயில் அந்த அலுமினியத் துகள்கள் ஒரே சீராகப் படியும். சொட்டாக வைத்தால் தாறுமாறாகக் கிடக்கும். அதனால் அதே பாட்டில் பெயின்ட்டே ஒரு சாயல் கறுத்துத் தெரியும். தவறு உங்களுடையது இல்லை. கேண்டி வகை நிறங்கள் இன்னும் மோசம்: அடியில் வெள்ளியோ தங்கமோ பூசி, அதன்மேல் சர்பத் போல ஒளி ஊடுருவும் நிறத்தை ஏற்றியிருப்பார்கள். அதற்கு டச்-அப் பாட்டில் ஒன்றால் ஆகாது. புள்ளி சின்னதாக இருந்தால் மட்டும் முயன்று பாருங்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

நிறக் குறியீட்டுக்கான டச்-அப் பாட்டில், கிளியர் பாட்டில், உலோகம் தெரிந்தால் ஒரு சின்னப் பிரைமர். எண்ணெய்ப் பசை நீக்கும் திரவம், பெயின்ட்டை இளக்கும் தின்னர். நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், அதாவது சேன்ட் பேப்பர், 600, 1500, 2000, 3000 எண்களில் ஒவ்வொன்று. மாஸ்கிங் டேப், மங்கலைத் தேய்த்துப் போக்கும் பசையான காம்பவுண்ட், பாலிஷ், இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி, நைட்ரைல் கையுறை, ஒரு டப்பா பல்குச்சி. துரு இருந்தால் துருமாற்றி ஒரு பாட்டில். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் பாதி கிடைக்கும். மீதி வண்டி உதிரிபாகக் கடைகளில். அப்புறம், பேருந்து, ரயிலுக்குப் பயன்படுத்திக் காலாவதியான ஈஸி-லிங்க் அட்டை ஒன்றைத் தேடி எடுத்து வையுங்கள். எதற்கு என்று வருகிறேன்.

சுத்தம்

பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து டேங்கைக் கழுவுங்கள். வழக்கமான வண்டிக் கழுவலுக்கு நான் இதைச் சொல்லமாட்டேன், மெழுகையெல்லாம் எடுத்துவிடும். இன்றைக்கு நமக்கு வேண்டியது அதுதான். கழுவி, உலர்த்தி, பசை நீக்கியை ஒரு துணியில் தொட்டுத் துடைத்து, அது காயும் முன்பே வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றி வைப்பதாகத்தான் ஆகும். டேங்குக்குப் பளபளப்பு ஸ்பிரே போடும் பழக்கம் இருந்தால் இந்தத் துடைப்பை இரண்டு முறை செய்யுங்கள். அதிலுள்ள சிலிக்கான் மிச்சம் இருந்தால், வைத்த பெயின்ட் தாமரை இலைத் தண்ணீராக விலகி ஓடும். மருந்துக்கடை 70 விழுக்காடு ஆல்கஹாலை வைத்தும் சமாளிக்கலாம். அதில் மீதி தண்ணீர் என்பதால் உலோகம் தெரியும் இடத்தில் நன்றாக உலரவிட வேண்டும்.

பெட்ரோல் மூடி பக்கத்தில் வேலை என்றால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டிப் பாதுகாப்பது நல்லது. ஆனால் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. வேலை முடிந்து அந்த டேப்பை எடுக்க மறந்து ஓட்டினால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உருவாகி வண்டி நடுரோட்டில் இருமி நிற்கும். தீவு விரைவுச்சாலையின் ஓரத்தில் நின்று கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும்.

அடுத்து, காயத்தின் ஓரங்களைப் பல்குச்சியால் நெம்பிப் பாருங்கள். தளர்ந்திருக்கும் பெயின்ட் இப்போதே வந்துவிடட்டும். "ஐயோ, பெரிதாகிறதே" என்று மனசு கேட்காது. விட்டுவைத்தால் அடுத்த மாதம் உங்கள் புது பெயின்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். பிறகு 600 தாளைப் பென்சிலின் பின்முனை அளவுக்கு வட்டமாக வெட்டி, அந்த முனையிலேயே ஒட்டி, காயத்துக்குள் மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். செங்குத்தாக இருக்கும் ஓரம் சாய்வாக வேண்டும். கிணற்றுச் சுவராக இருந்தது தட்டின் விளிம்பாக ஆனால் போதும்.

துரு இருந்தால்

பழுப்பு முழுவதும் போகும்வரை தேய்ப்பதுதான் சிறந்தது. குழிக்குள் சிக்கிய துரு போகாது என்றால், பல்குச்சி முனையில் துருமாற்றியைத் தொட்டு அங்கே மட்டும் வையுங்கள். டானிக் அமிலம் உள்ள வகை என்றால் பழுப்பு கருநீலமாக மாறி உறையும். சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டில் வழிந்தால் உடனே துடையுங்கள். எவ்வளவு நேரம், அதன்மேல் எந்தப் பிரைமர் ஒத்துக்கொள்ளும் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், எழுதியிருப்பதைப் படியுங்கள். அமிலம் கலந்த பிரைமர் உண்டு. இதுவும் அமிலம், அதுவும் அமிலம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றாதீர்கள்.

தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பை இந்த ஊரில் இரவு முழுக்க அப்படியே விட்டால் காலையில் மறுபடி மஞ்சள் பூத்திருக்கும். அன்றைக்கே பிரைமர் வைத்துவிடுங்கள். ஸ்பிரே டப்பாதான் கிடைத்தது என்றால், அதன் மூடிக்குள் கொஞ்சம் பீய்ச்சி, அதிலிருந்து பல்குச்சியால் தொட்டு வைக்கலாம். மெல்லிய ஒரு படலம், உலோகம் மறையும் அளவுக்கு. காயத்துக்கு வெளியே போகக்கூடாது. காய ஒரு நாள் விடுங்கள்.

சொட்டு வைப்பது

முழு வேலையின் உயிர் இங்கேதான். பாட்டிலை மூன்று நிமிடம் குலுக்குங்கள். கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம்; நிறமி அடியில் கட்டியாகத் தங்கியிருக்கும். இப்போது அந்த ஈஸி-லிங்க் அட்டை. அதன்மேல் ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டு, டேங்கின் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் வேறு நிறம், பெரும்பாலும் கறுக்கும். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும், கார் நிறுத்துமிடத்துக் குழல்விளக்கு ஏமாற்றும்.

மூடியோடு வரும் தூரிகையைத் தொடாதீர்கள். பல்குச்சியின் கூர்முனையில் ஊசித்தலை அளவு பெயின்ட் எடுத்து, காயத்தின் நடுவில் தொடுங்கள். தேய்க்கவேண்டாம், பூசவேண்டாம், தொட்டு எடுத்தால் போதும். பெயின்ட் தானாக ஓரம் வரை பரவி நிற்கும். ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் வழிந்தால், தின்னர் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி ஒரே இழுப்பில் துடையுங்கள். இரண்டாவது இழுப்பு வேண்டாம், அது பழைய கிளியரையும் மங்கவைக்கும்.

முதல் சொட்டு குழியை நிரப்பியது போலவே தெரியும். அரைமணி கழித்துப் பார்த்தால் அமுங்கிப்போயிருக்கும். பெயின்ட்டில் பெரும்பங்கு கரைப்பான். அது பறந்தபின் மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால் நாலு, ஐந்து, சில நேரம் ஆறு முறை வைக்க வேண்டிவரும். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது அரைமணி, முடிந்தால் ஒரு மணி நேரம். நான் ஒரு நாளில் மூன்றுக்கு மேல் வைப்பதில்லை. ஒரேயடியாக மொத்தையாக நிரப்பினால் மேலே தோல் கட்டி, அடியில் வாரக்கணக்கில் பசையாகவே கிடக்கும். என் முதல் வெல்லப்பாகின் கதை அதுதான்.

டேங்க் வளைவான பொருள், சொட்டு கீழ்ப்பக்கம் இறங்கப் பார்க்கும். பக்கத் தாங்கியில் நிறுத்தினால் வண்டி இடப்பக்கம் சாய்வதால், டேங்கின் வலப்பக்கம் கொஞ்சம் வானம் பார்க்கும். வலப்பக்கக் காயத்துக்கு அது வசதி. இடப்பக்கம் என்றால் நடுத்தாங்கியில் ஏற்றிக்கொண்டு, இன்னும் சின்னச் சின்னச் சொட்டாக வையுங்கள். காயும்வரை கொசுவும் தூசும் விழாமல் ஒரு பிளாஸ்டிக் கப்பைக் கவிழ்த்து, ஓரத்தில் காற்று போக இடைவெளி விட்டு டேப்பால் நிறுத்துங்கள். இறுக்கி மூடினால் காயாது.

பால் போல வெளுத்துவிட்டால் பதற வேண்டாம். அடுத்த வெயில் நேரத்தில் பல்குச்சி முனையில் மிகக் கொஞ்சம் தின்னர் தொட்டு அதன்மேல் வைத்தால் படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறித் தெளிந்துவிடும், பெரும்பாலும்.

நிறப் படலம் சுற்றுப்புறத்தைவிட ஒரு மயிரிழை தாழ்வாக இருக்கும்போது நிறுத்துங்கள். அந்த மயிரிழை கிளியருக்கு.

கிளியர்: பெட்ரோலுக்குத் தாங்குமா?

நிறம் காய இரண்டு நாள் விட்டு, கிளியரையும் அதேபோலச் சொட்டாக வையுங்கள். இந்த முறை சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் மேடாக வரும்வரை.

கிளியரில் இரண்டு சாதி. பாட்டிலிலிருந்து அப்படியே பூசி, கரைப்பான் பறந்து காய்வது 1கே. ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலந்து, வேதிவினையால் இறுகுவது 2கே. முதல் வகையைப் பெட்ரோல் இளக்கிவிடும். இரண்டாவது தாங்கும். அப்படியானால் எல்லாரும் 2கே வாங்க வேண்டியதுதானே என்றால், அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. சுவாசித்தால் ஆஸ்துமா வரவழைக்கக்கூடியது. அறுவைசிகிச்சை முகக்கவசம் அதன் முன் காகிதம். அதை ஸ்பிரேயாக அடிப்பது முறையான சுவாசக் கருவியும் காற்றோட்ட அறையும் உள்ள பட்டறைக்கு உரிய வேலை. என் முடிவு இது: பெட்ரோல் மூடியிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும் காயத்துக்கு 1கே போதும், மேலே மெழுகு பூசிக்கொள்ளலாம். மூடியின் ஓரத்திலேயே காயம் என்றால் பட்டறையில் பெயின்ட் அடிக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர் கலக்கும்போது அந்த ஒரு சொட்டை அவர் கையாலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். என் டேங்குக்குப் பொட்டு கதை சொன்ன அண்ணன்தான் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை, தேத்தண்ணி வாங்கிக்கொடுத்தேன்.

தேய்ப்பது

கிளியர் வைத்து ஒரு வாரம் வண்டியை ஓட்டுங்கள், கழுவாதீர்கள். நகத்தால் அழுத்தினால் தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் ஒரு வாரம்.

அழிப்பானிலிருந்து சுண்டுவிரல் நக அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, 1500 தாளை அதன்மேல் சுற்றுங்கள். விரலை மட்டும் வைத்துத் தேய்த்தால் பள்ளம் விழும். காயத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு நனைத்து, மேட்டை மட்டும் மெல்லத் தேய்த்து இறக்குங்கள். மேடு டேப்பின் கனத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்துவிட்டு 2000, பிறகு 3000. ஐந்து தேய்ப்புக்கு ஒரு முறை துடைத்துப் பாருங்கள். தலைமுடியின் கனம் ஏறக்குறைய 70 மைக்ரான். வண்டியின் கிளியர் படலம் அதைவிட மெல்லியது, பொதுவாக 40, 50 மைக்ரான். துடைக்கும் தண்ணீரில் வண்டியின் நிறம் தெரிந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். டேங்கின் கூர்மையான மடிப்புகளில் பெயின்ட் இன்னும் மெல்லியதாக இருக்கும். அங்கே காயம் என்றால் நான் தேய்ப்பதே இல்லை, கொஞ்சம் மேடாக இருந்துவிட்டுப் போகட்டும்.

தேய்த்த இடம் மங்கலாக, சாம்பல் தட்டித் தெரியும். இதைப் பார்த்துத்தான் புதியவர்கள் "கெடுத்துவிட்டேன்" என்று பதறுவார்கள். மைக்ரோஃபைபர் துணியில் பட்டாணி அளவு காம்பவுண்ட், வட்டமாக, கை வலிக்கும்வரை. பிறகு பாலிஷ். பளபளப்பு திரும்பி வரும்.

மேட், அதாவது பளபளப்பில்லாத டேங்க் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைச் செய்யவே கூடாது. தேய்த்தால் அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியது போல மின்னும், அதைத் திருப்ப முடியாது. நிறச் சொட்டு, மேட் கிளியர், அவ்வளவுதான். ஸ்டிக்கரின் ஓரத்திலும் கவனம். ஸ்டிக்கர் கிளியருக்கு மேலே ஒட்டியிருந்தால் தின்னர் பட்டதும் சுருங்கும்.

பட்டறைக்குப் போக வேண்டியவை

உதிர்ந்த இடம் 20 காசு நாணயத்தைவிடப் பெரியது என்றால் பல்குச்சி வேலை அசிங்கமாகத்தான் தெரியும். ஒடுக்கு விழுந்திருந்தாலும் அப்படியே. கடற்பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவில் செலவு குறைவு என்று பலர் போகிறார்கள். நானும் ஒரு முறை போனேன். வேலை நன்றாகத்தான் இருந்தது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் நின்றதையும், வண்டியை விட்டுவிட்டுப் பேருந்தில் திரும்பியதையும், மறுபடி எடுக்கப் போனதையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் அதிகமில்லை. எங்கே கொடுத்தாலும், பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லவில்லையே என்று நிறத்தையே மாற்றிவிடாதீர்கள். நிறம் மாறினால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் மாற்ற வேண்டும்.

மிச்சம் மீதி

பயன்படுத்திய தின்னரையும் துணி அலசிய தண்ணீரையும் கார் நிறுத்துமிடத்து வடிகாலில் ஊற்றாதீர்கள். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் மழைநீர் பிடிக்கும் பகுதி. அந்த வடிகால் போய்ச் சேரும் நீர்த்தேக்கத்துத் தண்ணீரில்தான் நாளைக்கு நம் வீட்டில் சோறு வேகும். கொஞ்சமாக மிஞ்சிய தின்னரைத் துணியில் ஊறவிட்டு, திறந்த வெளியில், தீப்பொறி இல்லாத இடத்தில் விரித்துக் காயவைத்தபின் குப்பையில் போடலாம். நனைந்த துணியைச் சுருட்டி மூடிய பையில் போடாதீர்கள்.

சாவிக்கொத்தில் இருக்கும் பித்தளை முருகனையும் வீட்டுச் சாவியையும் கழற்றிப் பையில் வையுங்கள், பைக் சாவி மட்டும் தனியாக இருக்கட்டும். பக்கிள் உரசும் இடத்தில் ரப்பர் டேங்க் பேட் ஒட்டலாம். வண்டி உறையின் உட்புறம் தூசியாக இருந்தால், காற்றில் அது ஆடும்போதெல்லாம் உப்புத்தாளாக வேலை செய்யும். மாதம் ஒரு முறை அதையும் துவையுங்கள். மிச்சமுள்ள பெயின்ட் பாட்டிலின் வாயைத் துடைத்து, மூடியை இறுக்கி, மேலே வாங்கிய தேதியை எழுதி, வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில் வையுங்கள். வசதி என்று வண்டியின் பின்பெட்டியிலேயே போட்டுவைத்தால், மதிய வெயிலில் பாட்டில் பிதுங்கி மழைக்கோட்டு முழுக்க உங்கள் டேங்கின் நிறமாகிவிடும்.